போனில் சொன்ன சம்பளம் ஒன்று, ஆஃபர் லெட்டரில் வந்தது வேறு

பெங்களூருக்குப் புதிதாக வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, எச்.ஆர். போனில் ஒன்று சொன்னார், லெட்டரில் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை சேரச் சொல்கிறார்கள். என்ன செய்ய?"

கையெழுத்துப் போடாதீர்கள். சண்டையும் போடாதீர்கள். முதலில் லெட்டரின் கடைசிப் பக்கத்தைத் திறங்கள். சம்பளப் பிரிப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

போனில் ஒன்பது லட்சம் என்றதும் நாம் மாதம் 75,000 என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறோம். அவர்கள் சொன்னது சி.டி.சி., அதாவது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு. அதற்குள் வேலையைப் பார்த்துக் கூடக் குறையத் தரும் வேரியபிள் பத்து சதவீதம், அதாவது 90,000 இருக்கலாம். கம்பெனி பங்கு பி.எஃப். மாதம் 1,800 என்றால் வருடத்துக்கு 21,600. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 30,000 என்றால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, 4.81 சதவீதக் கணக்கில் வருடத்துக்குச் சுமார் 17,300. இவை போனால் மாதம் 64,000 சொச்சம். அதிலும் உங்கள் பங்கு பி.எஃப். 1,800, கர்நாடகத் தொழில் வரி 200 பிடித்தம். வருமான வரி தனி. ஆக, கைக்கு வருவது 62,000 பக்கம்தான். மொத்தத் தொகை மாறவில்லை, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று நாம் கேட்காமல் விட்டுவிட்டோம். அப்போதும் வேரியபிளில் கொஞ்சத்தை ஃபிக்ஸடுக்கு, அதாவது மாறாமல் வரும் சம்பளத்துக்கு, மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

மொத்தத் தொகையே குறைந்திருந்தால் அது வேறு விஷயம். எனக்கு 2016-ல் அப்படித்தான் நடந்தது. பேசியது ஆறு லட்சம், லெட்டரில் 5,16,000. மாதம் ஏழாயிரம் குறைகிறது. அதற்குள் மடிவாலா பக்கம் ஒரு ரூமுக்கு அம்மாவின் வளையலை அடகு வைத்து 60,000 அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். பழைய வேலையையும் விட்டாயிற்று. "ஆறு மாதத்தில் ரிவிஷன் வந்துவிடும், நம்புங்கள்" என்றார் எச்.ஆர். நம்பிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் அவர் வேலையை விட்டுப் போயிருந்தார். புதிதாக வந்தவர், "எந்த மெயிலில் இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். காட்ட என்னிடம் ஒரு வரிகூட இல்லை. வளையலை மீட்க இரண்டு வருடம் ஆனது.

வாய்ப்பேச்சுக்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆனால் எழுத்தில் ஒன்று வந்து அதில் நீங்கள் கையெழுத்தும் போட்டுவிட்டால், அதற்கு மாறாக வாயால் பேசியதைச் சொல்லி வாதாடச் சாட்சியச் சட்டம் பொதுவாக இடம் தராது. 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இது அப்படியேதான் இருக்கிறது. அதனால் உங்கள் பலமெல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான்.

சம்பளத்தைச் சொன்னது கம்பெனிக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சி ஆளா, கம்பெனி எச்.ஆரா என்று பாருங்கள். கன்சல்டன்சி ஆள் சொன்னது கம்பெனிக்கே தெரியாமல் இருக்கலாம். அப்புறம் கம்பெனி எச்.ஆருக்கே ஒரு மெயில் போடுங்கள். போன முறை கோவில்பட்டித் தம்பி ஒருவனுக்கு நான் எழுதிக் கொடுத்தது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"ஆஃபருக்கு நன்றி. 12-ஆம் தேதி போனில் பேசியபோது ஃபிக்ஸட் சம்பளம் வருடத்துக்கு எட்டு லட்சம் என்று சொன்னீர்கள். லெட்டரில் 7,20,000 என்று இருக்கிறது. தவறுதலாக வந்திருந்தால் திருத்திய லெட்டர் அனுப்புங்கள், அன்றைக்கே கையெழுத்திட்டு அனுப்புகிறேன்."

இவ்வளவு போதும். கோபமும் கெஞ்சலும் வேண்டாம். தேதியும் தொகையும் கட்டாயம் இருக்கட்டும். எச்.ஆர். பதிலுக்குப் போன் செய்தால் பேசுங்கள், பேசி முடித்ததும் "இப்போது நீங்கள் சொன்னபடி" என்று ஆரம்பித்து இன்னொரு மெயில் போட்டுவிடுங்கள். பழைய வாட்ஸாப் மெசேஜ்களை அழிக்காதீர்கள். ஜாயினிங் போனஸ் தந்து சரிக்கட்டுகிறோம் என்றால், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்று கேளுங்கள். அந்த போனஸ் ஒருமுறைதான் வரும், அடுத்த வருட இன்க்ரிமென்ட் குறைந்த சம்பளத்தின் மேல்தான் கணக்காகும்.

திருத்திய லெட்டர் கைக்கு வரும்வரை பழைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள், வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். முதல் சில நாள் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதியிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்கிக்கொள்ளலாம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் மனசு தானாக இறங்கிப் போய்விடும், நான் பட்டிருக்கிறேன்.

அந்தத் தம்பிக்கு முழு எட்டு லட்சம் கிடைக்கவில்லை. 7,70,000 கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் எட்டு லட்சம் என்பதை லெட்டரிலேயே ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னான், சேர்த்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் சேர்ந்தான்.

உங்கள் லெட்டரைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள். உங்கள் பெயரையும் கம்பெனி பெயரையும் மறைத்துவிடுங்கள், சம்பளப் பிரிப்புப் பக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.