ஐயூஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை): 4 முட்டை வளர்ந்திருக்கிறது, ஊசியை நிறுத்தச் சொல்வது சரியா?

கேள்வி:
பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), வயது 29. முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை 5 மி.கி. ஐந்து நாள், கூடவே அதற்கான ஹார்மோன் ஊசி ஹெச்எம்ஜி 75 யூனிட் மூன்று முறை. 12ஆம் நாள் ஸ்கேனில் வலப்பக்கம் 18, 17, 16 மி.மீ., இடப்பக்கம் 16. முட்டை வெடிக்கிற ஊசி வேண்டாம், இந்த மாதத்தை விட்டுவிடுங்கள் என்கிறார்கள். நான்கில் ஒன்றுதானே தங்கும்? ஒன்றுக்கு மேல் கரு தங்கினால் பிறகு எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாமே?

பதில் 1:
நிறுத்தச் சொன்னது சரிதான். 16 மி.மீ. எட்டிய நான்குமே வெடிக்கக்கூடியவை. எத்தனை கருவாகும் என்பது ஐயூஐயில் யார் கையிலும் இல்லை. அதிலும் 29 வயதில் முட்டைகள் நல்ல தரத்தில் இருக்கும். பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: ஊசி போடாவிட்டாலும் எல்ஹெச் (முட்டையை வெடிக்கவைக்கும் ஹார்மோன்) தானாக ஏறி முட்டை வெடிக்கலாம். அடுத்த மாதவிடாய் வரை உறவைத் தவிருங்கள், இல்லையேல் ஆணுறை கட்டாயம்.

அடுத்த முறை லெட்ரோசோல் மட்டும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெச்எம்ஜி ஊசி தேவைப்பட்டால் 37.5 யூனிட்டில் தொடங்கி மெதுவாக ஏற்றலாம்.

பதில் 2:
"பிறகு குறைப்பது" லேசான காரியமில்லை. பெரும்பாலும் 11 முதல் 13 வாரத்துக்குள், சிசுவின் இதயத்தில் பொட்டாசியம் குளோரைடு செலுத்துவார்கள். மிச்சமுள்ள கருவும் கலைந்துபோகும் அபாயம் உண்டு. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் சிசுக்கள் என்றால் இந்த மருந்தைத் தொடவே கூடாது. பொது ரத்தக்குழாய் வழியே மற்றதற்கும் போய்விடும். குறைக்காமல் விட்டால், மூன்று குழந்தைகள் சராசரியாக 32-33 வாரத்திலேயே பிறந்துவிடுகின்றன.

கேட்டவர்:
இதையே ஐவிஎஃப்புக்கு (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கிக் கருப்பையில் வைப்பது) மாற்றி, இரண்டு கரு வைத்துக்கொண்டால்?

பதில் 1:
மாற்றலாம், ஆனால் முட்டை வெடிக்கிற ஊசி போடும் முன்பே முடிவெடுக்க வேண்டும். போட்ட 34-36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். வைப்பது ஒன்றே போதும். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மருத்துவமனைகளில் 36 வயதுக்குட்பட்ட 661 பெண்களிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. ஒரே தடவையில் இரண்டு கரு வைத்தவர்களில் 42.9% பேருக்குக் குழந்தை பிறந்தது. முதலில் ஒன்று, அது தங்காவிட்டால் உறையவைத்த இன்னொன்று என்று வைத்தவர்களில் 38.8%. ஆனால் அந்தப் பிரசவங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள்: முன்னதில் 33.1%, பின்னதில் 0.8%. அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக இவ்வளவு பெரிய ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

பதில் 2:
ஒரு கருவும் அபூர்வமாக இரண்டாகப் பிரியும், அதனால் 6-7 வார ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். எத்தனை கரு வைப்பது, மிச்சத்தை உறையவைப்பது இரண்டையும் ஒப்புதல் படிவத்தில் எழுதச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.