சானி பாஸ் வழியாக லெசோத்தோ: கேஸ் அடுப்பா, பெட்ரோல் அடுப்பா?

டர்பன்_ரைடர்:
ஜூலையில் டர்பனில் இருந்து சானி பாஸ் என்ற மலைக் கணவாய் ஏறி, லெசோத்தோ நாடு வழியாக கேப்டவுன் வரை பைக்கில் போகிறேன். பெட்டியில் இடம் ரொம்பக் குறைவு. காலையில் காப்பி, ராத்திரி சோறும் டின் மீன் கறியும், அவ்வளவுதான் சமையல். எந்த அடுப்பு எடுத்துக்கொள்வது?

பழைய_டேங்க்:
பெட்ரோல்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். வண்டிக்கு பெட்ரோல் போடும் இடத்திலேயே அடுப்புக்கும் போட்டுக்கொள்ளலாம். சானி உச்சி 2,876 மீட்டர், ஜூலை அங்கே குளிர்காலம், ராத்திரியில் பாட்டில் தண்ணீர் உறைந்துவிடும். கேஸ் டப்பாவில் இருக்கும் பியூட்டேனோ பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே ஆவியாக மாட்டேன் என்று டப்பாவுக்குள் படுத்துக்கொள்ளும்.

பீனிக்ஸ்_அக்கா:
அது கடல் மட்டத்துக் கணக்கு அண்ணா. மேலே காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலையும் இறங்கும், அந்த உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்பது டிகிரி. போதாததற்கு வெறும் பியூட்டேன் டப்பாவை யார் வாங்கச் சொன்னது? ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த திருகு டப்பா வாங்கி, ராத்திரி தூங்கும் பைக்குள் போட்டுக்கொண்டு படுத்தால் காலையில் ஒழுங்காக எரியும்.

பழைய_டேங்க்:
எரிய எரிய டப்பா தானாகவே குளிர்ந்துபோகுமே, வெளியே பனி பூத்துவிடும். புரொப்பேன்தான் முதலில் அதிகமாக வெளியேறும், அதனால் பாதி டப்பா தீர்ந்த பிறகு தீ சோர்ந்துவிடும். அப்புறம் மலை ஊர்க் கடையில் திருகு டப்பா கேட்டுப் பாருங்கள். பாராஃபின், அதாவது மண்ணெண்ணெய் கொடுப்பார்கள்! பல பெட்ரோல் அடுப்புகளில் ஜெட்டை, அதாவது எரிபொருள் பீச்சும் சின்னத் துளையை மாற்றினால் அதுவும் எரியும்.

பீனிக்ஸ்_அக்கா:
எரியும், யார் இல்லை என்றது? முதலில் அடுப்பைச் சூடாக்க அடியில் இருக்கும் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் கொளுத்தி, மஞ்சள் தீ முழங்கால் உயரத்துக்கு எழும்பி அடங்கி, நீலமாக மாறி இரைகிற வரை கூடாரத்துக்கு வெளியே குளிரில் குந்தியிருக்க வேண்டும், அதற்குள் கையுறை, பாத்திரத்து அடி எல்லாம் கரி. அவ்வளவு பட்டும் தீயைக் குறைக்க முடியாது, சோறு அடிபிடிக்கும். தம்பி, உங்கள் வண்டி இன்ஜெக்‌ஷனா? பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் டேங்குக்கு அடியில் ஒரு குழாயைப் பிடுங்கி பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம், புது வண்டியில் அது நடக்காது.

பழைய_டேங்க்:
தீயைக் குறைக்கிற பெட்ரோல் அடுப்பும் இருக்கிறது, டிராகன்ஃபிளை. சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

கரூ_காற்று:
கொஞ்சமா! அண்ணன் சமைத்தால் பக்கத்துக் கூடாரத்துக்காரர் எழுந்துவிடுவார். என் ஓட்டு ஸ்பிரிட் (எரிசாராய) அடுப்புக்கு. பித்தளைக் கிண்ணம், அடைக்கிற ஜெட் கிடையாது, சூப்பர்மார்க்கெட்டில் நீல ஸ்பிரிட். காப்பி வரத் தாமதமாகும், அதே எடை பெட்ரோலைவிட சூடு ரொம்பக் கம்மி, பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது, அதனால் எரியும்போது மேலே ஊற்றிவிடாதீர்கள். எந்த அடுப்பானாலும் மூடின கூடாரத்துக்குள் பற்றவைக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

டர்பன்_ரைடர்:
இன்ஜெக்‌ஷன்தான் அக்கா. அப்போ கேஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். எவ்வளவு எடுத்துப் போக?

பீனிக்ஸ்_அக்கா:
230 கிராம் டப்பா இதமான நாளில் பன்னிரண்டு லிட்டர் தண்ணீராவது கொதிக்க வைக்கும், குளிரில் அதைவிடக் குறைவு. கிளம்பும்போதே ரெண்டு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

பழைய_டேங்க்:
ரெண்டு டப்பாவுக்கு இடம் இருக்குமாம், ஒரு பெட்ரோல் பாட்டிலுக்கு இருக்காதாமா?