புதுப்பிப்பு: கியோட்டோ கருத்தரங்கும் ஊர் சுற்றலும்

ஜப்பானின் கியோட்டோவில் நடக்கும் கருத்தரங்குக்குப் போகிறேன், கூடவே ஊரையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேனே, போய் வந்தாச்சு. தாராளமாக முடியும்.

‘விடியற்காலையில் கிளம்புங்க’ என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. ஃபுஷிமி இனாரி கோயில் 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஜேஆர் நாரா லைன் ரயிலில் இரண்டாவது நிறுத்தம். மலை ஏறும்போது செந்நிற வாயில்கள் மட்டும்தான் கண்ணில் படும். இறங்கும்போதுதான் தூண்களில் கறுப்பு எழுத்தில் வாயிலைக் கொடுத்தவர் பெயர் தெரிகிறது. நம்மூர் கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதுவது மாதிரியேதான்! காலை அமர்வுக்கு நேரத்தோடு வந்துவிட்டேன்.

நிஜோ கோட்டைக்கு மாலை 4 மணிக்குள் நுழைந்தாக வேண்டும். அதற்காக ஒரு போஸ்டர் அமர்வுக்குக் கல்தா. கோட்டைக்குள் நடந்தால் குருவி மாதிரி கீச்சிடும் அந்த மரத்தரைக்காக இன்னொன்றையும் விடலாம்.

சொந்தச் செலவில் தங்கிய நாட்களுக்கு ஹோட்டல் பில்லைத் தனியாக வாங்கிவிடுங்கள். கணக்குப் பிரிவில் முதலில் கேட்டதே அதைத்தான்.