மறுமொழி: ப்ரைமருக்குத் தமிழ்ல என்ன? முதற்பூச்சு வேண்டாம், பிடிபூச்சு சரியா வருதா பாருங்க

எல்லாருக்கும் வணக்கம்.

பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கற ப்ரைமருக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்ங்கற கேள்விக்கு இங்க இதுவரைக்கும் வந்த சொல் எல்லாத்தையும் நிதானமா உக்காந்து படிச்சேன். முதற்பூச்சு, முன்பூச்சு, அடிப்பூச்சு, அடிவண்ணம், நாலுமே நல்ல தமிழ்தான், ஆனா நாலும் சொல்றது ஒரே விஷயத்த, அது எங்க இருக்கு, எப்ப அடிக்கிறோம்ங்கறத மட்டும். அது என்ன வேலை செய்யுதுன்னு ஒண்ணுகூட சொல்லல. எனக்கு இதுதான் உறுத்துது, ஏன்னா இதனால ஒரு மாதிரி ராக்கெட் வீணாப் போனத நான் பாத்திருக்கேன்.

புதுசா மாதிரி ராக்கெட் செய்ய ஆரம்பிச்ச ஒரு பையனுக்கு நான் தமிழ்ல ஒரு செய்முறைக் குறிப்பு எழுதிக் குடுத்தேன். அதுல "மூக்குக்கூம்புக்கு முதற்பூச்சு அடித்துக் காயவிடவும், பிறகு வண்ணம் அடிக்கவும்"னு எழுதியிருந்தேன். அவன் கையில இருந்த ஃப்ளோரசென்ட் ஆரஞ்சு டப்பாவ எடுத்து முதல் தடவ அடிச்சான், காயவிட்டான், அப்புறம் அதையே ரெண்டாந் தடவ அடிச்சான். எழுதினத அப்படியேதான் செஞ்சிருக்கான், முதல் பூச்சுன்னா முதல் தடவ பூசறதுன்னுதானே யாருக்கும் தோணும். கூம்பு கறுப்பு பாலிஎத்திலீன், அதுல எந்தப் பெயின்ட்டும் லேசுல ஒட்டாது. கோடு போட மாஸ்கிங் டேப் ஒட்டி உரிச்சா டேப்போட சேந்து ஆரஞ்சும் பாம்புச்சட்டை மாதிரி கழண்டு வந்துருச்சு. ஒட்டியிருந்த இடத்துலயும் அழுக்குப் பழுப்பாத்தான் தெரிஞ்சுது, ஃப்ளோரசென்ட் நிறம் அடியில இருக்கறத மறைக்காது, வெள்ளை மேல அடிச்சாத்தான் பளிச்சுன்னு வரும். தப்பு அவன் கையில இல்ல, நான் எழுதின சொல்லுல இருந்துது.

அதனால பேர் வைக்கறதுக்கு முன்னாடி அதோட வேலையப் பாப்போம். பெயின்ட்டுக்கும் அடியில இருக்கற பொருளுக்கும் நடுவுல நின்னு ரெண்டையும் பிடிச்சு வைக்கறதுதான் ப்ரைமரோட முக்கியமான வேலை. ராக்கெட்டுல இது ரொம்பவே தேவைப்படுது, ஏன்னா ஒரே உடம்புல மூணு பொருள் இருக்கு, உடற்குழாய் அட்டை, துடுப்பு பால்சா மரம், கூம்பு பிளாஸ்டிக். அட்டையும் மரமும் பெயின்ட்ட உறிஞ்சிக்கும், பிளாஸ்டிக் உதறித் தள்ளும். மூணையும் ஒரே மாதிரி ஆக்கிக் குடுக்கறது ப்ரைமர். தொழில்ல இருக்கறவங்களும் "இதுல பெயின்ட் பிடிக்கல, ப்ரைமர் போட்டாத்தான் பிடிக்கும்"னுதான் பேசறாங்க. சொல் அந்தப் பேச்சுலயே இருக்கு.

நான் முதல்ல பற்றுப்பூச்சுன்னு சொல்லியிருந்தேன். உலோகத்த ஒட்டறதுக்குப் பற்றாசுன்னு பழைய சொல் இருக்கு, நெத்தியில மருந்து அரைச்சுப் பத்துப் போடறோம், அதெல்லாம் மனசுல வெச்சுதான் சொன்னேன். அதுக்கு இங்க ஒருத்தர், ராக்கெட் பத்திப் பேசற இடத்துல பற்றுன்னா தீப்பற்றுறதுதான் ஞாபகம் வரும், மோட்டார பத்த வைக்கற இக்னைட்டரையும் இதையும் குழப்பிக்குவாங்கன்னு சொன்னார். அவர் சொன்னது முழுக்க சரி. தோட்டாவுல மருந்தைப் பத்த வைக்கறதுக்கும் ஆங்கிலத்துல ப்ரைமர்னுதான் பேரு, அப்ப குழப்பம் ரெண்டு பக்கமும் வரும். பற்றுப்பூச்சை நான் விட்டுட்டேன்.

இப்ப நான் சொல்றது பிடிபூச்சு. பிடித்த, பிடிக்கின்ற, பிடிக்கும் பூச்சு, மூணு காலத்துக்கும் பொருந்தற வினைத்தொகை, அதனால நடுவுல ப் போட வேண்டியதில்ல, ஆடுகளம், சுடுகாடு மாதிரி. பிடிப்புப்பூச்சுன்னு எழுதினா ரெண்டு ப் வந்து நாக்கு இடறுது. பிடிமானப் பூச்சு அர்த்தத்துல குறையே இல்ல, ஆனா நீளம், டப்பாவக் கையில வெச்சுக்கிட்டு யாரும் அவ்வளவு நீளமாச் சொல்ல மாட்டாங்க.

அடிப்பூச்சுங்கற சொல்ல நான் தூக்கி எறியச் சொல்லல, அதுக்குத் தனி வேலை இருக்கு. ஃப்ளோரசென்ட்டுக்கு அடியில வெள்ளை, குரோம் மாதிரி மின்னற பெயின்ட்டுக்கு அடியில பளபளப்பான கறுப்பு, இப்படி மேல வர்ற நிறத்துக்காக அடிக்கறோமே அதுதான் அடிப்பூச்சு. அது பிடிக்கறதுக்காக இல்ல, நிறத்துக்காக. ப்ரைமரையும் அடிப்பூச்சுன்னு சொல்லிட்டா இதுக்கு வேற சொல் தேடணும்.

அடுத்தது ஃபில்லர் ப்ரைமர், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. இதுக்கு நிரவுபூச்சுன்னு சொல்லலாம். நிரப்புபூச்சுன்னு ஒருத்தர் சொல்லியிருந்தார், நிரப்பறதுன்னா ரொப்பிட்டு விட்டுடறது, நிரவறதுன்னா மேடு பள்ளம் இல்லாம சமமாக்கறது, இங்க நடக்கறது ரெண்டாவதுதான். அட்டைக்குழாயச் சுத்திச் சுத்திப் போற புரிக்கோடு இருக்கே, அதுமேல கெட்டியா அடிச்சு, காஞ்சதும் 320 எண் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே போவோம், அட்டை லேசா எட்டிப் பாக்கற வரைக்கும். மேட்டுல இருந்த பூச்செல்லாம் தூளாப் போயிடும், பள்ளத்துக்குள்ள இருக்கறது மட்டும் நிக்கும். அதுக்கு மேலயும் தேய்ச்சா அட்டை நார் எழும்பிடும், அதனால அங்கயே நிறுத்திடணும். அடிச்சதுல பெரும்பகுதியத் தேய்ச்சே எடுத்துடறோம், சொல்லுல அந்த வேலை தெரியணும், நிரவுங்கறதுல தெரியுது.

தேய்க்காம விட்டா என்னன்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. எடைதான் பிரச்சினை. துடுப்பு ராக்கெட்டோட வால்ல இருக்கு, அங்க ஏத்தற ஒவ்வொரு கிராமும் எடைமையத்தப் பின்னால இழுக்கும். ராக்கெட் நேராப் பறக்க, எடைமையம் அழுத்தமையத்துக்கு (காத்தோட விசை மொத்தமா வந்து படற புள்ளிக்கு) முன்னால குறைஞ்சது ஒரு குழாய்விட்டம் தள்ளி இருக்கணும்ங்கறது வழக்கமான கணக்கு, 25 மி.மீ குழாய்னா 25 மி.மீ. பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி கணக்கு சரியா இருந்த ராக்கெட், நாலு பூச்சு ஏறினதும் அந்த எல்லையத் தாண்டிடலாம், அதனால பூச்செல்லாம் முடிஞ்சப்புறம் மோட்டாரப் போட்டு மறுபடியும் ஒருதடவ எடைமையம் பாருங்க.

பால்சாவுல தெரியற ரேகைக்கு மட்டும் நிரவுபூச்ச நம்பாதீங்க, அதுக்குப் பட்டி (புட்டி) பாக்கணும். பட்டின்னு ஏற்கனவே தொழில்ல எல்லாரும் சொல்ற சொல், அதுக்குப் போய் புதுசா ஒண்ணு செய்யறது தேவையில்லாத வேலை.

ஸ்ப்ரேக்குத் தெளிப்பு நிலைச்சுப் போச்சு, இருக்கட்டும். ஆனா அதனால, நிறமில்லாம கடைசியா மேல அடிக்கற க்ளியர் கோட்டுக்குத் தெளிபூச்சுன்னு வைக்கக் கூடாது, தெளிக்கறதா தெளிவா இருக்கறதான்னு தெரியாது. கண்ணாடிப்பூச்சுன்னு வெச்சா பாத்த உடனே புரியும்.

லேக்கர்ங்கற பெயின்ட் வகைக்கு அரக்குப்பூச்சுன்னு வந்த பரிந்துரை எனக்கு ஒப்புக்க முடியல. சொல்லோட வேர் அரக்குலதான் இருக்கு, சரி, ஆனா இப்ப டப்பாவுல வர்றது அக்ரிலிக்கோ நைட்ரோசெல்லுலோஸோதான், அரக்கு இல்ல. லேக்கர், எனாமல் ரெண்டையும் அப்படியே வெச்சுக்குவோம், டப்பாவுல அந்தப் பேரப் படிச்சாத்தான் தப்பு நடக்காது. முழுசா இறுகாத எனாமல் மேல லேக்கர் அடிச்சா அதுல இருக்கற கரைப்பான் அடியில போய் எனாமலக் கிளப்பி விட்டு, முழுக்கச் சுருங்கி நிக்கும், தேய்ச்சு எடுத்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். காஞ்ச லேக்கர் மேல எனாமல் அடிச்சா ஒண்ணும் ஆகாது. சில எனாமல் டப்பாவுல ஒரு மணி நேரத்துக்குள்ள அடுத்த பூச்சு, இல்லன்னா 48 மணி நேரம் கழிச்சுன்னு போட்டிருக்கும், அதையும் மதிக்கணும், நடுவுல அடிச்சா இதே சுருக்கம்தான்.

இந்தச் சொல்லையெல்லாம் வெச்சு அந்தப் பழைய குறிப்பத் திருத்தி எழுதிப் பாத்தேன்:

"துடுப்புக்குப் பட்டி பார்த்துத் தேய்க்கவும். உடற்குழாயில் புரிக்கோடு மறையும்வரை நிரவுபூச்சு தெளித்துத் தேய்க்கவும். கூம்பை 220 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பிளாஸ்டிக்குக்கான பிடிபூச்சு தெளிக்கவும். அது காய்ந்தபின் வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் ஆரஞ்சு மேற்பூச்சு. குழாய்க்குள் போகும் செருகுபகுதியில் எந்தப் பூச்சும் படாமல் டேப் சுற்றவும். அங்கே இறுகினால் பாராசூட் வெளியே வராது."

இதப் படிச்சிட்டு யாரும் ஆரஞ்ச எடுத்து முதல்ல அடிக்க மாட்டாங்கன்னு நம்பறேன். அந்தப் பையனுக்கும் இதையே அனுப்பியிருக்கேன்.

இன்னும் ஒண்ணு பாக்கி. 25, 30 செ.மீ தள்ளி நின்னு, பரப்பு முழுசா மூடாம பொட்டுப் பொட்டா விழற மாதிரி முதல்ல லேசா ஒரு பூச்சு விடுவோமே, அடுத்து வர்ற ஈரப்பூச்சு வழியாம நிக்கறதுக்காக, அதுக்குத் தூவானப்பூச்சுன்னு சொல்லலாமா? மழை விட்டப்புறமும் தூவானம் விழும், இங்க மழைக்கு முன்னாடியே விழுது, அது ஒண்ணுதான் எனக்குக் கொஞ்சம் இடிக்குது. சாரல்பூச்சு இதவிடப் பொருந்துமான்னு சொல்லுங்க.