புதுப்பிப்பு: முன்பக்கம் அடிபட்ட ஆர்எக்ஸ்-8, விலை எப்பிடி முடிஞ்சது

கொக்குவிலில பாத்த 2008 மஸ்டா ஆர்எக்ஸ்-8 முன்பக்கம் அடிபட்டுத் திருத்தினது, எவ்வளவு குறைச்சுக் கேக்கலாம் எண்டு முன்னம் கேட்டிருந்தன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. கார் வாங்கியாச்சு.

கைகுடுத்தது ஜப்பான் ஏலத் தாளைக் (அங்க ஏலத்தில விக்கேக்க காரைச் சோதிச்சு எழுதுற தாள்) கேளுங்கோ எண்ட யோசனைதான். அதில தரம் 4, அதாவது நல்ல நிலை. மட்காட்டில ‘டபிள்யூ2’ (தட்டித் திருத்தின தடம் தெரியுது), பொனற்றில ‘எக்ஸ்எக்ஸ்’ (மாத்தினது). போல்ற்றில பூட்டுற பொனற், மட்காட், கதவு மாத்தினா அங்க விபத்துக் கார் எண்டு கணக்கில்லை. காரின்ர எலும்புக்கூடு மாதிரியான அடிச்சட்டம், தூண், தளம் திருத்தியிருந்தாத்தான் ‘ஆர்’ தரம். விலை விழுறதும் அந்தத் தரத்துக்குத்தான்.

ஆனா அந்தத் தாள் கப்பலேற முந்தின கதை. இஞ்ச பட்ட அடி அதில வராது. பெயின்ற் தடிப்பு அளக்கிற கருவியைக் கூரையில வைச்சா 110 மைக்ரோன் (கொம்பனிப் பெயின்ற்), வலது பின் பக்கத் தகட்டில 600 தாண்டிச்சு. முழுக்கப் பட்டிதான் (பள்ளத்தை நிரப்பப் பூசுறது). டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாத்தம்: கொம்பனி வெல்டிங் பொட்டுகள் வரிசை குலையாமல் இருந்தது, தளத்தில மடிப்பில்லை, அப்ப அடி உள்ளுக்க போகேல்லை. இந்தப் பட்டிக்கு வித்தவர் ஒண்டரை இலட்சம் குறைச்சார்.

எதிர்பாராதது இஞ்சின். இதில இருக்கிறது ரோட்டரி இஞ்சின்: பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுழலும். அதுக்குச் சாதாரண கொம்பிரசன் கேஜ் (இஞ்சினுக்குள்ள அமுக்கம் அளக்கிறது) சரிவராது, ஒவ்வொரு ரோட்டரிலயும் மூண்டு முகத்தையும் தனித்தனியாக் காட்டுற கருவி வேணும். தேடிப் பிடிச்சு அளந்தா ஒரு ரோட்டர் பலவீனம். அதுக்குத்தான் அஞ்சு இலட்சம் இறங்கினார். பட்டியைப் பற்றி அவ்வளவு நேரம் வாதாடியிருக்கத் தேவையில்லை.