ஃபேக்டரி ரீசெட்: ‘மீட்டமை’ என்றால் போதுமா?

கிருஷ்ணகிரி, பாலிடெக்னிக் ஆசிரியர்:

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஆய்வகத்துக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து பழைய சிஸ்கோ ஏஎஸ்ஏ 5505 தீயரண் (ஃபயர்வால்) பெட்டிகளை வாங்கி வந்திருக்கிறோம். முன்பு வைத்திருந்தவர்கள் போட்ட கடவுச்சொல் விற்றவருக்கும் தெரியவில்லை. பெட்டியைத் திறக்கும் முறையை விளக்கி மாணவர்களுக்குத் தமிழில் செய்முறைக் குறிப்பு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

இதில் இரண்டு வேலைகள் உண்டு. பெட்டி எழும்பும்போது (பூட் ஆகும்போது), அதைக் கணினியோடு இணைக்கும் கன்சோல் கேபிள் வழியாக எஸ்கேப் விசையை அழுத்தி, ரோம்மான் என்ற தொடக்க நிரலுக்குள் நுழைந்து, பழைய அமைப்புகளைப் படிக்காமலே எழும்பச் செய்யலாம். உள்ளே போனபின் அதே அமைப்புகளை ஏற்றிக்கொண்டு கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிடலாம். இது ஒன்று. மற்றொன்று, இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, 192.168.1.1 என்ற உள்முகவரியோடு புதுப் பெட்டியாக்கிவிடுவது, அதாவது ஃபேக்டரி ரீசெட். மென்பொருள் மொழிபெயர்ப்புகளில் இரண்டுக்குமே ‘மீட்டமை’ என்ற சொல்லைப் பார்க்கிறேன். படிக்கும் பிள்ளை எதைச் செய்வான்? தக்க சொல் தாருங்கள்.

ஓசூர், வலையமைப்புப் பணியாளர்:

ஐயா, ‘ஃபேக்டரி ரீசெட்’ என்றே எழுதுங்கள். நாளை இந்தப் பிள்ளைகள் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தால் காதில் விழப்போவது அந்தச் சொல்தான். சொல்லைவிட முக்கியமான ஒன்றைக் குறிப்பில் சேருங்கள்: 5505-இன் பின்புறம் ‘ரீசெட்’ என்று எழுதிய சிறு துளை இருக்கும். அதில் ஊசியை விட்டு எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அந்தப் பொத்தானுக்கு வேலையே தரப்படவில்லை. கன்சோல்தான் ஒரே வழி, இணைப்பு வேகம் நொடிக்கு 9600 பிட். முன்னவர் கடவுச்சொல் மீட்பையே தடைசெய்து வைத்திருந்தால், எஸ்கேப் அழுத்தியதும் ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ள கோப்புகளை எல்லாம் அழிக்கலாமா என்று பெட்டி கேட்கும். சம்மதித்தால் இயங்குதளக் கோப்பும் போய்விடும். அதை டிஎஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாக மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, உங்கள் குழப்பத்துக்கு வேர் ‘மீட்டமை’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. மீட்டு + அமை. ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்’ என்ற விதிப்படி உகரம் கெட்டு மீட்டமை ஆயிற்று. புணர்ச்சியில் பிழையில்லை. பிழை பொருளில்தான். மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. மீட்டால் இழந்த பொருள் கைக்கு வந்தாக வேண்டும். அடகு நகையை மீட்டான் என்றால் அதே நகை வந்தது என்று பொருள்.

நம் மாவட்டத்து நடுகற்களைப் பாருங்கள். பகைவர் கவர்ந்து சென்ற மாட்டு மந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து உயிர்விட்ட வீரனைத் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். தொறு என்றால் ஆநிரை. தருமபுரி அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போனால் இத்தகைய கற்களை நேரிலேயே காட்டலாம். மந்தை முழுவதையும் அழித்துவிட்டு மீட்டேன் என்று எவனும் சொல்ல மாட்டான். ஆகவே பழைய அமைப்புகள் பிழைத்திருக்கும் முதல் வேலைக்குக் ‘கடவுச்சொல் மீட்பு’ என்பது முற்றிலும் பொருந்தும். அழித்துப் புதிதாக்குவதற்கு மீட்பு என்ற வேரே கூடாது. ‘முதனிலையாக்கம்’ என்று வைக்கலாமா என்று எண்ணினேன். இலக்கணத்தில் வரும் முதனிலைத் தொழிற்பெயர் நினைவுக்கு வந்து குழப்பும். ‘ஆலைநிலை’ என்பேன்.

ஓசூர், மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, நடுகல் சான்று வலுவானதுதான். ஆனால் கைப்பேசியில் ‘கடவுச்சொல்லை மீட்டமை’ என்று படித்துப் பழகியவர்கள் இன்று ஏராளம். பரவிவிட்ட சொல்லைப் பிடுங்கி எறிந்தால் படிப்பவர் தலையில்தான் சுமை. வேண்டுமானால் ‘மீளமை’ என்று திருத்துவோம். மீள அமைப்பது, அவ்வளவுதான். இழந்த பொருள் என்ற கேள்வியே எழாது. மேலும் ‘ஆலை’ என்றால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாலக்கோடு சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வரட்டும் அம்மா, அதனால் என்ன குறை? கரும்பு பிழியும் இடமே முதலில் ஆலை. அந்தக் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் தகடூர் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் பாடுகிறார்: ‘அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்’, புறநானூறு 99. பஞ்சாலை, உருக்காலை என்று அந்தச் சொல் எல்லாத் தொழிலுக்கும் விரிந்துவிட்டது. நம் ஊரிலேயே வேரூன்றிய சொல் இருக்கும்போது தொழிற்சாலை என்று நீட்டுவானேன்?

காவேரிப்பட்டினம், பள்ளி ஆசிரியர்:

ஆலை இருக்கட்டும், ‘தீயரண்’ சரிதானா? பலரும் ‘தீச்சுவர்’ என்கிறார்கள். எனக்கு அரண்தான் பிடித்திருக்கிறது. ‘சிறுகாப்பின் பேரிடத்த தாகி உறுபகை ஊக்கம் அழிப்பது அரண்’ என்கிறது குறள் 744. காக்க வேண்டிய வாயில் சிறிது, உள்ளே இடம் பெரிது. இந்தப் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் ஏது? கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் அப்படித்தான். 1791-இல் ஆங்கிலேயக் கும்பினிப் படை அடிவாரக் கோட்டைக்குள் புகுந்தும் மேற்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. அரணை வளைத்துக் கைப்பற்றுவதைத் தொல்காப்பியம் உழிஞை என்று தனித் திணையாகவே வைக்கிறது: ‘முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்’. நம் மாணவர்கள் செய்யப்போவதும் உழிஞைதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஓசூர், வலையமைப்புப் பணியாளர்:

உழிஞை பிறன் கோட்டைக்கு. இது காசு கொடுத்து வாங்கிய பெட்டி. இந்த வேறுபாட்டைக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: வாங்கிய ரசீது கையில் இருந்தால் மட்டும் தொடவும்.

எந்த வேலையைச் செய்வது என்பதையும் சொல்லோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டும். கடவுச்சொல் மீட்பு செய்தால் முன்னவரின் விபிஎன் (தனிப்பட்ட மறைகுறி இணைப்பு) சாவிகளும் விதிகளும் பிள்ளைகள் கண்முன் வந்து நிற்கும். அது நமக்குரியதன்று. பழைய பெட்டி என்றால் அழிப்பதுதான் முறை. ஆகவே அழிப்பு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். மீளமை என்றாலும் அது தெரியவில்லை.

கிருஷ்ணகிரி, பாலிடெக்னிக் ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. நேரமாகிவிட்டதால் பெரும்பான்மைக் கருத்தை ஏற்கிறேன். சொந்தப் பெட்டியில் கடவுச்சொல் மறந்தால் ‘கடவுச்சொல் மீட்பு’. கைமாறி வந்த பெட்டிக்கு ‘அழித்து ஆலைநிலையாக்கல்’. கட்டளையையும் திரையையும் குறிப்பிடும் இடங்களில் ஃபேக்டரி ரீசெட் என்றே இருக்கும். தீயரண் அப்படியே நிற்கிறது. ரசீது பற்றிய வரி முதலில் வருகிறது.

ஓசூர், மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

உங்கள் குறிப்புக்கு அது சரி, ஐயா. பெயர்ச்சொல்லாகத் தலைப்பில் வைக்கலாம். ஆனால் விரல்நுனி அகலமுள்ள பொத்தானில் ‘அழித்து ஆலைநிலையாக்கு’ என்று எப்படி எழுதுவேன்? ஏவலாக ஒரே சொல் வேண்டும். அது கிடைக்கும்வரை என் மொழிபெயர்ப்புகளில் ‘மீளமை’ என்றுதான் போடப்போகிறேன். அழிப்பு என்ற பொருள் தரும் சிறிய வினை யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.