மேட்டில் இழுவை இல்லை, செயினில் கரகர சத்தம்: முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைக்கலாமா?

மேட்டுப்பயணி:
வண்டி 150 சிசி. 22,000 கி.மீ. ஓடியிருக்கிறது. செயின் 428 என்ற அளவு, மொத்தம் 120 லிங்க் (கண்ணி). ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரம் முன்னால் 15 பல், பின்னால் 45. எல்லாமே வண்டியோடு வந்தவை. பிரச்சினை இரண்டு. மூன்று மாதமாகச் செயின் கரகரவென்று சத்தம் போடுகிறது. எண்ணெய் விட்டால் ஒரு நாள் அடங்கும், மறுநாள் பழைய கதை. அடுத்தது, பின்னால் ஆள் உட்கார்ந்தால் மேட்டில் மூன்றாவது கியர் இழுக்க மாட்டேன் என்கிறது, இரண்டாவதில் போட்டால் எஞ்சின் கத்துகிறது. "முன்னால் 14 பல் போட்டு, செயினுக்கு ஸ்ப்ரே அடித்தால் போதும்" என்கிறார் மெக்கானிக். கேட்கலாமா?

ஸ்ப்ரேராஜா:
தாராளமாகக் கேளுங்கள். பின்பல்லை முன்பல்லால் வகுத்து வரும் எண் கூடினால் இழுவை கூடும். 45-ஐ 15-ஆல் வகுத்தால் 3. 14-ஆல் வகுத்தால் 3.21. எல்லாக் கியரிலும் 7% கூடுதல் இழுவை. அரை மணி நேர வேலை. 500 கி.மீ.க்கு ஒரு தடவை நல்ல செயின் ஸ்ப்ரே. முடிந்தது.

கியர்ஆயில்கிழவன்:
முடியவில்லை தம்பி. 22,000 கி.மீ. ஓடிய செயினில் புதுப் பல் மாட்டச் சொல்கிறாய். தேய்ந்த செயின் அந்தப் புதுப் பல்லைச் சில ஆயிரம் கிலோமீட்டரில் தின்றுவிடும். செயின், முன்பல், பின்பல் மூன்றையும் செட்டாக மாற்றுவதுதான் முறை. அப்புறம் அந்த ஸ்ப்ரே. நான் இத்தனை வருடமாக 80-90 கியர் ஆயில்தான் விடுகிறேன். பல வண்டிகளின் கையேட்டிலேயே அதைத்தான் போட்டிருக்கிறார்கள். டப்பாவில் அடைத்துப் பளபளப்பாக விற்றால்தான் மருந்தா?

ஸ்ப்ரேராஜா:
அண்ணே, கியர் ஆயில் விட்டுவிட்டு 60-இல் ஓட்டிப் பாருங்கள். பின் ரிம், நம்பர் பிளேட், பின்னால் உட்கார்ந்தவரின் பேன்ட் எல்லாம் ஆயில். ஸ்ப்ரேயில் கரைப்பான் இருக்கிறது. தெளிக்கும்போது தண்ணீராக உள்ளே போகும், கரைப்பான் ஆவியானதும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். சும்மா விளம்பரம் இல்லை.

ஒற்றைஸ்பானர்:
இரண்டு பேருமே வீண் வேலை பார்க்கிறீர்கள். ஓ-ரிங் செயினில் கிரீஸை உள்ளே வைத்து ரப்பர் வளையத்தால் மூடித்தான் அனுப்புகிறார்கள். வெளியே நீங்கள் விடும் எதுவும் உள்ளே போகாது. போகக் கூடாது என்பதற்குத்தான் வளையமே. எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி உப்புத்தாள் மாதிரி அரைக்கும். நான் துடைப்பதோடு சரி.

பல்சக்கரம்:
ஒற்றைஸ்பானர் சொல்வது பாதி சரி. செயினின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நடுவில் ஒரு பின். (பின் என்று எழுதினால் பின்பக்கம் என்று படிப்பீர்கள், ஆணி என்றே வைத்துக்கொள்கிறேன்.) ஆணியைச் சுற்றிப் புஷ் என்ற சிறு குழாய். புஷ்ஷைச் சுற்றி ரோலர். ஓ-ரிங் அடைத்து வைத்திருப்பது ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவிலுள்ள கிரீஸை மட்டும்தான். புஷ்ஷுக்கும் ரோலருக்கும் நடுவே எந்த வளையமும் இல்லை, அது திறந்த வீடு. ரோலர் பல்லில் உட்காரும் இடமும் அப்படியே. அங்கே வெளியிலிருந்துதான் எண்ணெய் போக வேண்டும். தகடுகள் துருப்பிடிக்காமலும் ரப்பர் காய்ந்து வெடிக்காமலும் இருக்க மெல்லிய படலம் ஒன்று தேவை. எண்ணெயே வேண்டாம் என்றால் வளையம் போகும், வளையம் போனால் கிரீஸ் போகும்.

தூசி பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அது எண்ணெய் விட்டதன் குற்றம் இல்லை, விட்ட பிறகு துடைக்காததன் குற்றம்.

கேள்வி கேட்டவருக்கு: "செயின் நீண்டுவிட்டது" என்கிறோம், ஆனால் தகடு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஆணியும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன, ஒவ்வொரு மூட்டிலும் துளியூண்டு இடைவெளி. 120 மூட்டில் அதுவே பெரிதாகிவிடும். அதனால் வாதம் அப்புறம், முதலில் அளந்து சொல்லுங்கள். 428 என்பதில் 4 என்றால் அங்குலத்தில் எட்டில் நாலு பங்கு, அதாவது அரை அங்குலம், 12.7 மி.மீ. இது அடுத்தடுத்த இரண்டு ஆணிகளின் இடைவெளி. 20 லிங்க்குக்கு 254 மி.மீ. வர வேண்டும். செயினை விறைப்பாக இழுத்துவைத்து, ஓர் ஆணியின் மையத்திலிருந்து 21-ஆவது ஆணியின் மையம் வரை அளவுகோல் வையுங்கள். ஒரே இடத்தில் அளக்காதீர்கள், சக்கரத்தைத் தள்ளி நாலு இடத்தில். அப்படியே தகடுகளுக்கு நடுவில் ரப்பர் வளையம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

மழைவண்டி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கழற்றிய பழைய எஞ்சின் ஆயிலைச் செயினுக்கு விடலாமா? சும்மாதானே கிடக்கிறது.

கியர்ஆயில்கிழவன்:
வேண்டாம். எஞ்சினுக்குள் தேய்ந்த இரும்புத்தூளும் கரியும் அதில்தான் கிடக்கின்றன. எஞ்சினுக்கே ஆகாது என்றுதானே கழற்றினீர்கள்?

ஸ்ப்ரேராஜா:
இதில் மட்டும் அண்ணனோடு ஒத்துப்போகிறேன். கையோடு இன்னொன்று. டபிள்யூ.டி.-40-ஐச் செயின் ஆயில் என்று அடிக்காதீர்கள். அது ஈரத்தை விரட்டுவதற்காக வந்த சரக்கு. அழுக்கைக் கழுவ உதவும், ஆனால் படலம் நிற்காது. கழுவிவிட்டு மேலே எதுவும் விடாமல் போனால் பழையபடி சத்தம்தான்.

மேட்டுப்பயணி:
அளந்துவிட்டேன். நாலு இடம்: 256.4, 257.8, 257.6, 259. பிறகு நகத்தால் தடவிப் பார்த்தேன், டார்ச் அடித்தும் பார்த்தேன். ரப்பர் வளையம் எதுவுமே இல்லை!

பல்சக்கரம்:
போச்சு. ஓ-ரிங் இல்லாத சாதாச் செயினுக்காக நாங்கள் ஓ-ரிங் சண்டை போட்டிருக்கிறோம்.

257.8 என்றால் 1.5% தேய்மானம், மூட்டுக்கு 0.19 மி.மீ. மொத்தச் செயினில் கிட்டத்தட்ட 23 மி.மீ. அதில் பாதியை, சுமார் 11 மி.மீ., பின்சக்கரத்தைத் தள்ளித்தள்ளி ஈடுகட்டியிருப்பீர்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளைப் பாருங்கள், தெரியும். 259 வந்த இடம் 2%-ஐத் தொட்டுவிட்டது. எல்லை எது என்பதில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 520 என்ற பெரிய செயினுக்கு 20 லிங்க்கின் புது அளவு 317.5 மி.மீ.; ஒரு சர்வீஸ் புத்தகம் 319.4-இல் மாற்று என்கிறது, இன்னொன்று 323 வரை விடுகிறது. உங்கள் வண்டியின் புத்தகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஆனால் எனக்கு 259-ஐவிட உறுத்துவது 256.4-க்கும் 259-க்கும் உள்ள வித்தியாசம். ஒரு பக்கம் டைட், ஒரு பக்கம் லூஸ். நீங்கள் லூஸான இடத்தில் பார்த்து முறுக்கியிருந்தால், டைட்டான இடம் வரும்போது செயின் கம்பி மாதிரி விறைத்து, கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட்டின் பேரிங்கை இழுக்கும்.

மேட்டுப்பயணி:
அப்படித்தான் முறுக்கியிருக்கிறேன். சத்தம் வந்தபோதெல்லாம் முறுக்கினேன். இப்போது சுற்றிப் பார்த்தால் செயின் மேலும் கீழும் ஓரிடத்தில் 35 மி.மீ. ஆட்டம், இன்னோரிடத்தில் 10 கூட இல்லை.

கியர்ஆயில்கிழவன்:
அதுதான் கரகர. செட்டை மாற்றுங்கள், வேறு பேச்சே இல்லை. இனிமேல் எப்போதும் டைட்டான இடத்தில் வைத்துத்தான் ஆட்டம் பார்க்க வேண்டும், கையேட்டில் சொன்ன அளவுக்கு. ஆள் உட்காரும்போது ஸ்விங் ஆர்ம் ஏறி, முன்பல், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் நேர்கோட்டுக்கு வரும். அப்போதுதான் செயின் மிக டைட்டாக இருக்கும். அதற்குத்தான் அந்த ஆட்டம்.

வளையம் இல்லாத செயின் என்பதால் இப்போது என் கியர் ஆயிலுக்குத்தான் வெற்றி. ஆணிக்கும் புஷ்ஷுக்கும் வெளியிலிருந்துதான் எண்ணெய் போயாக வேண்டும். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, துடைத்து, ஓட்டிவந்த சூட்டோடு விட வேண்டும். கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் உள்முகத்தில், ரோலரின் இரண்டு ஓரத்திலும் சொட்டுச் சொட்டாக. சுற்றும்போது எண்ணெய் வெளியே வீசப்படும் அல்லவா, அப்போது மூட்டுக்குள் புகுந்துதான் போகும். ராத்திரி அப்படியே விட்டுக் காலையில் துடையுங்கள். ரிம்மில் ஆயில் தெறிக்கிறது என்பவர்கள் துடைக்காதவர்கள். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டுத் துணி பிடித்தவர் ஒருவரின் ஆள்காட்டி விரலில் இன்று நகம் கிடையாது. அது நான்தான்.

ஸ்ப்ரேராஜா:
விரலுக்கு வருத்தம் அண்ணே. சரி, சாதாச் செயினில் கியர் ஆயில் நன்றாக உள்ளே போகும், விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் 14 பல்? புதுச் செட் எடுப்பதென்றால் முன்பல்லை 14 ஆக எடுக்கட்டுமே.

பல்சக்கரம்:
அதற்குப் பதில் பின்னால் 48 போடலாம். 48-ஐ 15-ஆல் வகுத்தால் 3.2. கிட்டத்தட்ட அதே இழுவை. முன்பல் சிறிதாகச் சிறிதாக லிங்க் அதிகமாக மடங்கும்: 15 பல்லில் 24 டிகிரி, 14-இல் 25.7. மடங்கும்போதுதான் ஆணி தேய்கிறது. செயினின் வேகம் ஏறி இறங்கும் துடிப்பும் 2.2%-இலிருந்து 2.5% ஆகும். சக்கரம் வட்டம், ஆனால் செயினுக்கு அது பலகோணம்.

இன்னொன்றும் உண்டு. 120 லிங்க்கில் 60 உள் லிங்க், 60 வெளி லிங்க். தேய்மானத்தால் நீளுவது வெளி லிங்க் மட்டும்தான். உள் லிங்க்கின் இரண்டு புஷ்ஷும் ஒரே தகட்டில் இறுகியிருப்பதால் அதன் நீளம் மாறாது. 14 இரட்டை எண். அதனால் ஒரு பல்லுக்கு உள் லிங்க் மட்டுமே வரும், பக்கத்துப் பல்லுக்கு வெளி லிங்க் மட்டுமே வரும், ஆயுள் முழுக்க. பல் ஒன்றுவிட்டு ஒன்று தேயும். 15-இல் ஒவ்வொரு பல்லும் இரண்டையும் பார்க்கும்.

ஒற்றைஸ்பானர்:
ஒற்றைப்படை கணக்கெல்லாம் பேசுகிறீர்கள். 120-ஐ 15-ஆல் வகுத்தால் மீதியே இல்லை, 8. அப்படியானால் ஒரு பல் ஆயுள் முழுக்க அதே 8 லிங்க்கைத்தானே சந்திக்கிறது? இதுவா உங்கள் சீரான தேய்மானம்?

பல்சக்கரம்:
பிடித்துவிட்டீர்கள். உண்மைதான். அந்த 8-இல் 4 உள், 4 வெளி என்பதால் 14-ஐவிடத் தேவலை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்ப்ரேராஜா:
உங்கள் கணக்கெல்லாம் சேர்த்தாலும் 7%. எண்ணெயே விடாமல் ஓட்டுகிறவன் செயினைப் பாதி ஆயுளில் கொன்றுவிடுகிறான், நீங்கள் 1.7 டிகிரிக்கு அழுகிறீர்கள். 48 போட்டால் செயின் ஒன்றரை லிங்க்குக்கு மேல் கூடுதலாகக் கேட்கும். ஆக்சிலை 10 மி.மீ. முன்னால் தள்ள இடம் இருக்கிறதா? இல்லையென்றால் 122 லிங்க் செயின். அது பிடிக்காமல் போனால் பழையதற்குத் திரும்புவதும் பெரிய வேலை. 14 பிடிக்கவில்லையென்றால் கழற்றி 15-ஐப் போட்டுக்கொள்ளலாம்.

பல்சக்கரம்:
சோதித்துப் பார்க்க 14 நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்பல் சிறிதானால் செயின் ஸ்விங் ஆர்முக்கு நெருங்கி வரும். அங்கிருக்கும் ரப்பர் பட்டையை உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் எங்கிருந்து எடுக்கிறது என்றும் பாருங்கள். முன்சக்கரத்திலிருந்து என்றால் கவலையில்லை. கியர்பாக்ஸிலிருந்து என்றால் வேகமும் ஓடிய தூரமும் 7% கூட்டிக் காட்டும்.

மேட்டுப்பயணி:
ஒரு மாதம் கழித்து வருகிறேன். 15/45 புதுச் செட் போட்டேன், கூடவே ஒரு 14 பல்லும் வாங்கி வைத்தேன். சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. வண்டியைத் தள்ளினாலே லேசாகப் போகிறது. ஆனால் மேட்டில் மூன்றாவது கியர் கொஞ்சம்தான் தேவலை, ஆள் உட்கார்ந்தால் திணறல் அப்படியேதான்.

அதனால் 14 போட்டு இரண்டு வாரம் ஓட்டினேன். மேட்டில் மூன்றாவது கியரே போதும், அது மறுக்க முடியாத உண்மை. ஆனால் சமதளத்தில் 80-இல் முன்பு 6,000 ஆர்.பி.எம். இருந்தது, இப்போது 6,400. முக்கால் மணி நேரம் ஓட்டினால் கைப்பிடி அதிர்வில் விரல் மரத்துப்போகிறது. நான் மேடு ஏறுவது வாரத்துக்கு ஒருநாள், சமதளம் தினமும். திரும்ப 15 போட்டுவிட்டேன். மேட்டில் இரண்டாவது கியர் கத்தினால் கத்தட்டும்.

ஸ்ப்ரேராஜா:
அந்த 14-ஐத் தூக்கிப் போடாதீர்கள். நீண்ட மலைப்பயணம் வரும்.

கியர்ஆயில்கிழவன்:
எல்லாம் சரி. புதுச் செயினின் இரு முனையையும் இணைக்கும் சேர்ப்பு லிங்க் கிளிப் வைத்ததா? கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கிறதா?

மேட்டுப்பயணி:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். மெக்கானிக் மாற்றி மாட்டியிருக்கிறார், திறந்த வாய் முன்னால். இப்படியேதான் ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன். கழற்றித் திருப்பிப் போட்டாயிற்று. பிளையர் வழுக்கிக் கட்டைவிரலில் ஒரு கீறல், நகம் பத்திரம்.